பச்சைத் தெருவில் ஒரு காலேஜ்

1. நிறங்கள்

யுத்தத்துக்கு முந்தைய வருஷங்களில், பெங்களூர் கன்டோன்மென்ட்டில், பிளான் செக்‌ஷன் இன்ஸ்பெக்டராக இருந்தேன். எங்கள் மேப்பில் வீட்டுத் தெரு பச்சை, கடைத்தெரு சிவப்பு, ஜனம் கூடுகிற இடம் ஊதா. காலேஜுக்கென்று தனி நிறம் கிடையாது. சினிமாக் கொட்டகை, கல்யாணச் சத்திரம், இவற்றோடு அதுவும் ஊதாவில் கிடந்தது. பச்சைக்குள் ஊதா நுழைந்தால் நோட்டீஸ் கொடுத்து மூட வேண்டும். யாருக்கு எந்த நிறம் என்று முடிவு செய்தவர் ஊரைச் சுற்றிப் பார்த்தாரா என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. எனக்குப் பிள்ளை குட்டிகள் இருந்தார்கள்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பச்சைத் தெருவில், பழைய பங்களா ஒன்றில், மிஸ் ஞானமணி பெண்களுக்கு இன்டர்மீடியட் வகுப்பு நடத்தி வந்தார். பக்கத்து வீட்டு முதலியார் ரிட்டயர்டு டெபுடி கலெக்டர். அவர் ஒருநாள் நேரே ஆபீஸுக்கே வந்துவிட்டார்.

"மத்தியானம் கண்ணசர முடியலப்பா. நாள் பூரா பொண்ணுங்க சத்தம் போட்டுப் படிக்குது. இது வீடுங்க இருக்கற தெருவா, இல்லையா? மூடச் சொல்லு."

சட்டப்படி அவர் சொன்னது சரி. அதுதான் எரிச்சலாக இருந்தது.

விஷயத்தைச் சொல்ல மிஸ் ஞானமணியிடம் போனேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"பரீட்சை அடுத்த மாசம். இப்ப மூடினா பொண்ணுங்க வீட்டுக்குப் போவாங்க. வீட்டுக்குப் போன பொண்ண திரும்பி அனுப்ப மாட்டாங்க சார். மாப்பிள்ளை பாத்துடுவாங்க."

அவர் சொன்னது நியாயம். ஆனால் முடிவு எடுப்பது எங்கள் எஞ்சினியர் ராயர்.

2. ராயரின் தமிழ்

ராயர் கன்னடக்காரர். நல்ல மனிதர். கன்டோன்மென்ட்டில் வேலை பார்க்கத் தமிழ் வேண்டும் என்று தானாகவே கற்றுக்கொண்டவர். ஒரே ஒரு குறை. படுக்கிறது, படிக்கிறது இரண்டும் அவர் வாயிலும் காதிலும் ஒன்றுதான். "நேத்து ராத்திரி சரியா படிக்கல, கொசு" என்பார். சாப்பாட்டுக்குப் பிறகு, "கொஞ்சம் படிச்சிட்டு வர்றேன்" என்று உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். புதிதாக வந்த பியூன் ஒருவன், துரைமார்கூட இவ்வளவு படிப்பதில்லை என்று வெளியே பெருமை பேசிக்கொண்டிருந்தான். யாரும் ராயரைத் திருத்தியதில்லை. மேலதிகாரியின் தமிழைத் திருத்தினால் இன்க்ரிமென்ட் கிடைக்காது.

3. இன்ஸ்பெக்‌ஷன்

ஒரு கட்டடம் வீடா இல்லையா என்று பார்க்க ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. அங்கே சமைக்க வேண்டும், சாப்பிட வேண்டும், படுக்க வேண்டும். மூன்றும் இருந்தால் வீடு.

மறுநாள் ராயரோடு பங்களாவுக்குப் போனேன். அவர் நேரே பின்கட்டுக்குப் போனார். அடுப்பில் சாதம் கொதித்துக்கொண்டிருந்தது. வெளியூர்ப் பெண்கள் சிலருக்கு ஆயா மத்தியானச் சாப்பாடு செய்வாள். "ஒலெ இதே, அடுப்பு இருக்கு" என்று தலையாட்டினார். தட்டுகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. அதற்கும் தலையாட்டினார். பிறகு மிஸ் ஞானமணியைப் பார்த்துக் கேட்டார்.

"இங்கெ யாராச்சும் படிக்கிறாங்களா?"

மிஸ் ஞானமணியின் முகம் வெளுத்தது. அம்மாள் பொய் சொல்லாதவர். ஞாயிறு தோறும் சர்ச்சில் முன்வரிசை.

"எல்லாருமே படிக்கிறாங்க சார். அதுக்குத்தானே வராங்க."

"எல்லாருமா?" ராயருக்கு ஆச்சரியம். "ராத்திரியும்?"

"பரீட்சை நெருங்கிடுச்சு சார். வெளியூர்ப் பொண்ணுங்க ராத்திரியும் இங்கேயேதான் படிக்கிறாங்க."

அந்த நேரம் பார்த்துக் கடைசி அறையில் லாஜிக் வகுப்பு. ஜன்னலோரத்தில் ஒரு பெண் புத்தகத்தின் மேல் கன்னத்தை வைத்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். ராயர் எட்டிப் பார்த்தார். உடனே விரலை உதட்டில் வைத்து, எங்களை நுனிக்காலில் வெளியே அழைத்து வந்தார்.

"பாவ, படிக்கட்டும்" என்றார்.

மிஸ் ஞானமணி என்னைப் பார்த்தார். நான் தோட்டத்துச் சம்பங்கியைப் பார்த்தேன். நன்றாகப் பூத்திருந்தது.

வீடு என்று ராயர் முடிவு எழுதினார். வீடு என்பதால் ஒரே ஒரு நிபந்தனை: காலேஜ் என்று வாசலில் போர்டு வைக்கக் கூடாது. பெண்கள் பரீட்சை எழுதினார்கள். தூங்கிய பெண்ணும் பாஸ்.

4. போர்டு

அடுத்த வருஷம் முதலியார் மறுபடியும் வந்தார். போன தடவையைவிடக் கோபமாக.

"காலேஜ் எங்கேன்னு ஊர்ல இருக்கறவன் எல்லாம் என் கதவத் தட்டறான்யா. தபால்காரன், பால்காரன், பொண்ணச் சேக்க வரவன், எல்லாரும்! அவங்கள ஒரு போர்டு மாட்டச் சொல்லுங்க!"

ராயர் நிதானமாகக் கேட்டார். "எந்த காலேஜ், ஸ்வாமி?"

"பக்கத்துல இருக்கே!"

"அது மனெ, வீடு. நீங்க கொடுத்த கம்ப்ளெயின்ட்டு மேலெதான் நானே ஹோகி பாத்தேன். எல்லாரும் அங்கேயே படிக்கிறாங்க."

"அதத்தான்யா நானும் சொல்றேன்!"

"நானும் அதேதான்" என்றார் ராயர்.

முதலியார் கோபத்தோடு வெளியே போனார். மறுவாரம் அந்தத் தெருவில் வேறு வேலையாகப் போனபோது, அவர் கேட்டில் பெயின்ட் காயாத போர்டு ஒன்று தொங்கியது. "காலேஜ் இது இல்லை. அடுத்த வீடு." வலப்பக்கம் கைகாட்டும் விரல் வேறு வரைந்திருந்தார்கள்.

சொந்த வீட்டு வாசலில் போர்டு மாட்டுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. நான் கற்ற பாடம் இதுதான்: மேப்பில் காலேஜுக்கு இடம் விடாவிட்டால், காலேஜ் வராமல் இருக்காது. அதற்கான போர்டு, மூடச் சொன்னவர் வாசலில் தொங்கும். நான் ரிட்டயர் ஆகும்வரை அந்தத் தெரு எங்கள் மேப்பில் பச்சையாகவே இருந்தது.