இரண்டு விரற்கடை இறக்கிய சீட்டு

அறுபதுகளில் செஞ்சியிலிருந்து மாமியார் வீடு இருந்த வல்லத்துக்கு சைக்கிள் மிதித்தால், எனக்கு உட்காருமிடம் புண்ணாகிவிடும். சீட்டுக்கு ஸ்பாஞ்சு உறை போட்டேன், அதன் மேல் துண்டையும் மடித்துப் போட்டேன். வலி கூடியதுதான் மிச்சம்.

ஒரு நாள் கேரியரில் உட்கார்ந்து வந்த மனைவி சொன்னாள்: "நீங்க மிதிக்கிறப்போ இடுப்பு ரெண்டு பக்கமும் ஆடுது, வண்டியும் சேந்து ஆடுது. சீட்டு ஒசரமா இருக்குது, எறக்குங்க."

சுள்ளென்று கோபம் வந்தது எனக்கு. குள்ளன்தான் சீட்டை இறக்குவான் என்பது எங்கள் ஊர் ஆண்களின் நினைப்பு. எனக்கும் அதே திமிர்தான். ஆனால் வலி விடவில்லை. மறுவாரம் சைக்கிள் கடையில் இரண்டு விரற்கடை இறக்கினேன்.

அடுத்த முறை வல்லத்தில் இறங்கியதும், "வலியே இல்லை" என்றேன்.

"கல்யாணமான நாள்லேருந்து இன்னிக்குத்தான் நான் பயமில்லாம உக்காந்து வந்தேன்" என்றாள்.