பாவாவின் போனுக்கு ஒரு பூட்டு

'என்னை நம்பாதே' என்று ஒரு போன் தன்னைப் பற்றித் தானே சொல்லுமா? சொல்லும். எங்கள் பாவாவின் போன் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும், மஞ்சள் எழுத்தில், பக்கத்தில் ஒரு திறந்த பூட்டுப் படத்தோடு.

அந்தப் பூட்டைத் திறந்தது யார்? சாட்சாத் நான்தான்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் வியாதி தெரியும். கம்பெனி கைவிட்ட பழைய போனை எடுத்து, அதன் பூட்டை உடைத்து, யாரோ புண்ணியவான்கள் எழுதிய வேறு சாப்ட்வேரை ஏற்றி ஓட வைப்பதில் எனக்கு ஒரு கிறுக்கு. வீட்டுக்காரர் இதை 'பேய் ஓட்டுறது' என்பார். ஓட்டி முடித்த போன்களை உறவுக்காரர்களுக்குத் தானம் செய்வேன். கொடுக்கும்போது ஒரு சின்ன லெக்சரும் உண்டு... "புதுப் போனைவிட இதுதான் வேகம், தெரியுமா?"

அப்படி லெக்சரோடு வாங்கிக்கொண்டவர்தான் பாவா. பாவா என்றால் அக்காவின் கணவர். எங்கள் திருத்தணியில் பஸ் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் ஆந்திரா வந்துவிடும். அதனால் எங்கள் வீடுகளில் மாமா, அத்தான் எல்லோரும் பாவாதான். பெயர் கஜேந்திரன். பள்ளிப்பட்டுக்காரர். பல வருடம் ஸ்கூல் வேன் ஓட்டியவர். கறுகறுவென்று அடர்ந்த மீசை, அதோடு வந்து சேர்ந்துகொள்கிற தாடி. வேனில் வந்த பிள்ளைகளுக்கு அவர் மீசை அங்கிள்.

போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானம், அவர் என் வீட்டு வாசலில் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வழக்கமாக உள்ளே வரும்போதே காபி கேட்கிற மனிதர். அன்றைக்குக் கேட்கவில்லை.

விஷயம் இதுதான். ஸ்கூல் வேன் நின்று மூன்று மாதமாகிறது. இப்போதுதான் திருத்தணிக்கு வெளியே ஒரு டெலிவரி டிப்போவில் வேன் டிரைவராகச் சேர்ந்திருக்கிறார். ஐம்பதை நெருங்கும் வயதில், பி.எஃப். பிடிக்கிற முதல் வேலை. புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் வாரம் நோட்டில் கையெழுத்து. திங்கட்கிழமையிலிருந்து அவரவர் போனில், கம்பெனி ஆப்பில், முகத்தைக் காட்டித்தான் அட்டெண்டன்ஸ். காலை எட்டு மணிக்குள் முகம் பதியாவிட்டால் அன்றைக்கு வண்டிச் சாவி கிடையாது. வெயிட்டிங் லிஸ்டில் இருக்கிற அடுத்த டிரைவருக்குப் போய்விடும்.

ஆப்பை ஏற்றிப் பார்த்திருக்கிறார். திறந்ததுமே 'இந்தப் போன் பாதுகாப்பானது அல்ல' என்று சொல்லிவிட்டுத் தானாக மூடிக்கொண்டது.

"போன்ல இன்னாவோ கோளாறு போல இருக்குது இந்திரா. நீ கொஞ்சம் பாத்துக் குடும்மா" என்றார்.

கோளாறு போனில் இல்லை. எதிரே நிற்கிறவளிடம் இருக்கிறது. அதை எப்படிச் சொல்வது?

கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். போனை ஆன் செய்ததும் முதலில் விழித்துக்கொள்வது பூட்லோடர் என்கிற சின்ன புரோகிராம். வாசலில் நிற்கும் வாட்ச்மேன் மாதிரி. உள்ளே போவது கம்பெனியின் சொந்த சாப்ட்வேர்தானா என்று பார்த்துத்தான் அனுப்புவான். நான் செய்தது, அந்த வாட்ச்மேனிடம் 'யார் வந்தாலும் விடு' என்று சொல்லி வைத்தது. அவனும் விட்டான். ஆனால் தினமும் வீட்டுச் சொந்தக்காரரிடம் மஞ்சள் எழுத்தில் புகார் சொல்லிக்கொண்டே இருந்தான். போன் பேசவும் வாட்ஸ்அப் பார்க்கவும் அதனால் ஒரு குறையும் இல்லை. இந்த மாதிரி கறாரான ஆப்தான் வாட்ச்மேன் பேச்சைக் கேட்கும்.

வேறு போன் வாங்கிக்கொள்ளலாமே? மூன்று மாதம் வேலை இல்லாமல் இருந்த வீட்டில் அந்தப் பேச்சை எடுக்க எனக்கு வாய் வரவில்லை. அக்காவிடம் இருப்பது பட்டன் போன். என் போனைக் கொடுக்கலாமென்றால்... அதன் பூட்டும் திறந்தேதான் கிடக்கிறது.

ஆக, ஒரே வழி. நான் ஏற்றியதையெல்லாம் எடுத்துவிட்டு, கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த அசல் சாப்ட்வேரைத் திரும்ப ஏற்றி, பூட்டையும் திரும்பப் போட்டுவிடுவது. "நாளைக்குக் காலையில வாங்க பாவா, சரி பண்ணிடலாம்" என்றேன். அன்றைக்கே செய்திருக்கலாம். பயந்தேன் என்பதுதான் உண்மை.

ஏன் பயம்? பூட்டைத் திறப்பது சுலபம். திரும்பப் போடுவதில்தான் கண்டம். அசல் சாப்ட்வேர் முழுசாக உள்ளே போகுமுன் பூட்டினாலோ, பெயர் ஒன்றாக இருக்கும் வேறு மாடலின் பைலை ஏற்றிப் பூட்டினாலோ, வாட்ச்மேன் உள்ளே இருப்பதை ஏற்கமாட்டான். கதவும் திறக்காது, மாற்றி ஏற்றவும் விடமாட்டான். இந்தக் கிறுக்கு பிடித்தவர்கள் அப்படிப்பட்ட போனைச் செங்கல் என்பார்கள். நான் இதுவரை பூட்டுகளைத் திறந்து திறந்து கொடுத்திருக்கிறேனே தவிர, ஒன்றைக்கூடத் திரும்பப் போட்டதில்லை.

சனிக்கிழமை காலை பாவா வந்தார். சாப்பாட்டு மேஜையில் லாப்டாப், கேபிள், போன். பூட்டும்போது உள்ளே இருப்பது மொத்தமும் அழிந்துவிடும் என்பதால் முதலில் நம்பர்களையும் போட்டோக்களையும் எடுத்து வைத்தேன். போட்டோக்களில் பாதி, கடைசி நாளன்று வேன் முன்னால் நிற்கும் பிள்ளைகள். அதை மட்டும் இரண்டு இடத்தில் காப்பி எடுத்தேன்.

கம்பெனி தளத்திலிருந்து இறக்கிய பைலின் பெயரையும் போன் பெட்டியில் இருந்த மாடல் நம்பரையும் எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன். பாவா பெட்டியைப் பிடித்துக்கொண்டு வாசிக்க, நான் ஸ்கிரீனில் டிக் அடித்தேன். நான்காவது தடவை வாசிக்கச் சொன்னபோது அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஏற்றினேன். போன் ஆன் ஆனது. கால் பேசிப் பார்த்தோம், கேமராவைப் பார்த்தோம். எல்லாம் ஒழுங்கு. மஞ்சள் எழுத்து மட்டும் அப்படியே. இனி பூட்டு பாக்கி. கமாண்டை அடித்ததும் போன் ஸ்கிரீனில் கேள்வி வந்தது: பூட்டலாமா, எல்லாம் அழிந்துவிடுமே? வால்யூம் பட்டனால் 'ஆம்' என்பதற்கு நகர்த்தி, பவர் பட்டனை அமுக்க வேண்டும்.

"நீங்களே அமுக்குங்க பாவா" என்றேன். வீரத்தில் அல்ல. பயத்தில்.

அமுக்கினார். ஸ்கிரீன் கறுப்பானது. பிறகு கம்பெனி பெயர் வந்தது. வந்தது, அப்படியே நின்றது. இரண்டு நிமிடம். ஐந்து நிமிடம். "முதல் தடவை லேட் ஆகும் பாவா" என்று சொன்ன என் குரலை நானே நம்பவில்லை. எட்டாவது நிமிடம் அவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். எங்கள் ஹால் ஜன்னலில் நின்றால் மலையும் கோபுரமும் தெரியும். என்ன பார்த்தாரோ, திரும்பி வந்து உட்கார்ந்தார்.

பதினோராவது நிமிடம் போன், மொழியைத் தேர்ந்தெடுங்கள் என்றது. அணைத்து மறுபடி ஆன் செய்தேன். மஞ்சள் எழுத்து இல்லை. திறந்த பூட்டு இல்லை. கம்பெனி ஆப்பை ஏற்றினோம். சமர்த்தாகத் திறந்தது. முகம் மட்டும் டிப்போ எல்லைக்குள் போய்த்தான் காட்ட முடியும். அது ஒரு பிரச்சினையா? வேலைக்குச் சேர்ந்த அன்றே ஆபீஸில் முகத்தைப் பதிந்திருக்கிறார்களே. பாவா காபி கேட்டார். எனக்கு உயிர் வந்தது.

கதை இங்கேயே முடிந்திருந்தால் இது ஒரு டெக்னாலஜி கட்டுரையாகியிருக்கும்.

திங்கட்கிழமை காலை ஏழேகாலுக்குப் போன் வந்தது. பாவா.

"ஆப் தொறக்குது இந்திரா. முகம் பொருந்தலன்னு வருது. மூணு வாட்டி பாத்துட்டேன்."

கேமராவை ஒழுங்காகப் பார்த்தேனே? லென்ஸைத் துடைக்கச் சொன்னேன். துடைத்துவிட்டாராம். வெயிலுக்கு முதுகைக் காட்டாமல் நிற்கச் சொன்னேன். நிழலில்தான் நிற்கிறாராம். வேறு ஏதாவது மாற்றினீர்களா என்று கேட்டேன். போனில் ஒன்றையும் தொடவில்லை என்றார். பிறகு மெல்ல இழுத்தார்.

"நேத்து உங்க அக்காவ கூட்டிகினு மலைக்குப் போயிருந்தேம்மா. மொட்டை போட்டுகினேன்."

"மீசை?"

"அதுவும்தான். வேண்டிகினு, அரைகொறையா குடுப்பாங்களா?"

சனிக்கிழமை, அந்த எட்டாவது நிமிடத்தில், என் வீட்டு ஜன்னலில் நின்றுதான் வேண்டிக்கொண்டிருக்கிறார். போன் உயிரோடு வந்தால் மொட்டை. நான்கு தடவை மாடல் நம்பர் பார்த்தவளுக்கு, இப்படி ஒன்று நடக்கும் என்று தோன்றவே இல்லை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்து, என்ன பிரயோஜனம்?

சிரிப்பு வந்தது. மணியைப் பார்த்ததும் நின்றுவிட்டது. ஸ்கூட்டரை எடுத்தேன்.

டிப்போ கேட்டில் நின்றவரை எனக்கே ஒரு நிமிடம் அடையாளம் தெரியவில்லை. உரித்த நுங்கு மாதிரி ஒரு முகம். தலை முழுக்கச் சந்தனம். இருபத்தைந்து வருடமாகப் பார்க்கிற எனக்கே இந்த நிலைமை என்றால், ஒரு வாரம் முன்னால் ஒரே ஒரு போட்டோவைப் பார்த்த ஆப் என்ன செய்யும்? அதன் மேல் கோபப்பட எனக்கு நியாயமே கிடைக்கவில்லை.

அந்த நேரத்தில் மூட்டையோடு எங்களைக் கடந்துபோன ஒரு லோடுமேன், "கஜாண்ணே, இன்னும் சாவி வாங்கலியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். முகத்தை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை. நிற்கிற தினுசை வைத்தே கண்டுபிடித்துவிட்டார் போல.

சூப்பர்வைசர் முப்பது வயதுக்காரர். மேஜை மேல் கம்ப்யூட்டர், பக்கத்தில் பாதி சாப்பிட்ட இட்லி. நான் வழியெல்லாம் தயார் செய்துகொண்டு போன வாதத்தை ஆரம்பித்தேன். சார், இவர் அதே ஆள்தான், ஆதார் இருக்கிறது, லைசென்ஸ் இருக்கிறது, வேண்டுமானால் பழைய போட்டோ இருக்கிறது...

அவர் பாவாவை நிமிர்ந்து பார்த்தார். "மொட்டையா?"

"ஆங்."

"உக்காருங்க" என்று மவுஸைப் பிடித்தார். என் பக்கம் திரும்பி, "பழைய முகத்த அழிச்சிட்டு புதுசா ஏத்தணும் மேடம், அவ்ளோதான். கிருத்திகை முடிஞ்ச மறுநாள் வந்து பாருங்க, டிப்போல பாதி பேருக்கு முகம் பொருந்தாது" என்றார்.

ஹெட் ஆபீஸில் ஒன்றும் கேட்கமாட்டார்களா என்றேன். ஆரம்பத்தில் கேட்டார்களாம், ஒரே டிப்போவில் மட்டும் ஏன் இத்தனை பேருக்கு முகம் மாறுகிறது என்று. எது மலை, எது மொட்டை என்று விளக்கி மெயில் போட்டாராம். இப்போது கேட்பதில்லையாம்.

ஏழு ஐம்பத்திரண்டுக்குப் பாவாவின் போனில் பச்சை டிக் விழுந்தது. சாவி கைக்கு வந்தது.

வண்டியில் ஏறுமுன் அவரிடம் உண்மையைச் சொன்னேன். கோளாறு போனில் இல்லை, என்னால்தான் வந்தது, பூட்டைத் திறந்தவள் நான் என்று. கொடுக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும், வேகம் என்று பீற்றிக்கொள்ளத்தான் தோன்றியது என்று. பிறகு இரண்டு நாளாக மனதில் கிடந்ததையும் கேட்டேன். இரண்டு வருடமாக அந்த மஞ்சள் எழுத்து வந்ததே, ஒரு நாளாவது என்னவென்று கேட்டிருக்கக் கூடாதா?

பாவா மீசை இருந்த இடத்தைத் தடவினார். அங்கே ஒன்றும் இல்லை.

"படிச்சேம்மா. நம்பாதேன்னுதான் போட்டிருந்துது. அது ஆயிரம் சொல்லும். குடுத்தது நீயாச்சே."

சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வாரமே, தானம் வாங்கிய மற்ற மூன்று பேருக்கும் போன் செய்து, மஞ்சள் எழுத்து வருகிறதா என்று கேட்டேன். வருகிறதாம். ஒருவர்கூட அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை மூன்று போனும் என் சாப்பாட்டு மேஜைக்கு வருகின்றன.

பாவாவுக்கு மீசை லேசாக முளைவிட்டிருக்கிறது. சூப்பர்வைசரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.