வெயில் காயும் உத்தியோகம்

இரவு பத்து மணிக்கு மேல் அந்தச் சத்தம் வந்தது. குக்கர் விசிலடிக்கும் முன் ஒரு முனகல் முனகுமே, அப்படி ஓர் இழுவை. எங்கள் வயலில் எரிவாயுக் குழாய் பதிக்க அலைகிற கம்பெனிக்காரர்கள் இருட்டோடு இருட்டாக மெஷினை இறக்கிவிட்டார்கள் என்று என் கணவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினார். வரப்பெல்லாம் தேடிவிட்டுச் சேற்றுக் காலோடு திரும்பி வந்தவர், வாசலிலேயே நின்று காது கொடுத்தார். "மெஷினெல்லாம் ஒண்ணுமில்ல எலிசு. சத்தம் நம்ம கட்டில்லேர்ந்துதான் வருது."

எங்கள் மூன்று வயது ஜெரோமின் நெஞ்சு அது. அப்போது எனக்கு இரண்டாவது பிள்ளை, ஐந்தாம் மாதம். அந்த வாரமே வெயில் காயும் உத்தியோகத்தில் சேர்ந்தேன். சம்பளம் இல்லை, லீவு இல்லை. வயிற்றைத் தள்ளிக்கொண்டு வெயிலைத் தேடி அலையும் சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா?

நியமன உத்தரவு

பட்டுக்கோட்டை டாக்டரம்மா என் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து, வைட்டமின் டி ரொம்பக் குறைவு என்றார். "அதனாலதான் பெரியவனுக்கு இழுக்குதா டாக்டர்? வயித்துல இருக்கிறதுக்கும் இழுக்குமா?" என்றேன். "அப்படி அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. தாய்க்கு இந்தச் சத்து போதுமா இருந்தா பிள்ளைக்கு இழுப்பு குறையலாம்னு ஒரு பேச்சு இருக்கு. அது எப்படியோ, உன் எலும்புக்கு வேணும். நான் எழுதுறதை மட்டும் சாப்பிடு, தினம் கொஞ்ச நேரம் வெயில்ல நில்லு" என்றார்.

"குறையலாம்" என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இன்றைக்கும் ராத்திரி உட்கார்ந்து சின்னவன் மூச்சை எண்ணுகிறேன். ஆனால் அன்றைக்கு எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பேராவூரணிக்காரியைப் பார்த்து வெயில் போதவில்லை என்பதா? "எங்க ஊர்ல இல்லாத வெயிலா டாக்டர்?" என்றேன். முழங்கையைத் தாண்டி நீண்ட என் ரவிக்கையையும், மடியில் கிடந்த குடையையும் பார்த்தார். "வெயில் இருக்கும்மா. நீதான் அதுல இல்ல."

களமும் நானும்

அது அறுவடை நேரம். ஈரநெல்லைக் கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று என் மாமியார் காலை முதல் களத்தில் நெல்லைப் பரப்பிக் காலால் கிளறிக்கொண்டே இருப்பார். டாக்டர் சொன்னதை எத்தனை தடவை சொல்லியும், நான் வாசற்படி தாண்டினால் போதும், கிளறுவதை விட்டுவிட்டுக் குடையோடு ஓடி வருவார். பிறக்கப்போவது பெண் என்று அவருக்கு நிச்சயம். குங்குமப்பூப் பாலெல்லாம் வெயிலில் வீணாகிவிடுமாம்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், "நெல்லுக்கு மட்டும் இவ்வளவு வெயில் காட்டுறீங்களே அத்தை, எனக்கு ஒரு மரக்கால் வெயில் கொடுத்தா என்ன?" என்றேன். குடையைச் சரியாக என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டே சொன்னார்: "நெல்லைப் பொண்ணு பார்க்க யாரும் வரப்போறதில்லடி."

பழைய தண்டனை

நான் படித்த கான்வென்ட்டில் வெயில் என்பது தண்டனை. வீட்டுப்பாடம் எழுதாதவர்களைச் சிஸ்டர் கொடிக்கம்பத்தடியில் நிறுத்துவார். அதனாலோ என்னவோ, மாமியார் கண்ணில் படாமல் காம்பவுண்டுச் சுவரோரம் போய் வெயிலில் நின்றால் என் கைகள் தாமாகக் கட்டிக்கொள்ளும், தலை தானாகக் குனியும். அப்படி நின்றிருந்த ஒரு மத்தியானம், என்னோடு படித்து இப்போது அதே பள்ளியில் டீச்சராக இருக்கும் ஸ்டெல்லா ஸ்கூட்டியில் போனாள். போனவள் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். "என்னடி, உன்னை இன்னும் உள்ள விடலையா?"

தீவிரவாதி

குழாய் பதிப்பதை எதிர்த்து ஊர்ப் பெண்கள் வயலில் உட்கார்ந்தோம். எங்கள் பக்கம் ஆட்சி மாறினால் கொடிக்கம்பத்தில் துணி மாறும். குழாய் மட்டும் வந்த வழியிலேயே வந்துகொண்டிருக்கும். கூலி வேலை பார்த்த தாத்தா காலத்துக்குப் பிறகு பட்டா கிடைத்த ஒன்றரை ஏக்கர் என்பதால் மாமியாரும் என்னைத் தடுக்கவில்லை. நியாயமான கோரிக்கையும் ஆயிற்று, நியாயமான வெயிலும் ஆயிற்று.

கெடுத்தவர் கவுன்சிலர். கட்சிக் கலரில் சாமியானா கொண்டுவந்து போட்டார். நான் எழுந்து அதற்கு வெளியே போய் உட்கார்ந்தேன். "மாசமா இருக்கிற பிள்ளை வெயில்ல கிடக்குது, இழுங்கடா" என்று பந்தலை என் பக்கம் இழுக்கச் சொன்னார். நான் இன்னும் தள்ளிப் போனேன். பந்தலும் வந்தது. இப்படி மூன்று தடவை. இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பெண் போலீஸ் ஒருவர் இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சொன்னார்: "சார், அந்தப் பச்சைச் சேலைதான் ரொம்பத் தீவிரம். அரசியல்வாதி நிழல்லகூட உட்கார மாட்டேங்குது."

அதோடு என்னைப் போராட்டத்துக்கு அனுப்புவதை என் கணவர் நிறுத்திவிட்டார்.

கொல்லைப்புறம்

கடைசியில் மிஞ்சியது கொல்லையில் இருக்கும் குளிக்கிற மறைப்பு. நாலு பக்கமும் தென்னங்கீற்று, மேலே கூரை கிடையாது, உச்சி வெயில் நேராக இறங்கும். ஆனால் கதவு என்பது ஒரு தகரம். கல்லை முட்டுக்கொடுத்தால்தான் நிற்கும். நான் ரவிக்கைக் கையைச் சுருட்டிவிட்டு நின்ற முதல் நாளே பக்கத்து வீட்டு ஆடு முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. மறுநாள் ஆட்டைத் தேடி ஆட்டுக்காரர் வந்தார். வேலையை ராஜினாமா செய்துவிட்டேன்.

அந்த வாரம் ஜெரோமுக்கு மறுபடி இழுத்தது. பட்டுக்கோட்டை ஆஸ்பத்திரியில் மருந்துப் புகை வைக்கும்போது மூடியை அவன் முகத்தில் பிடித்துக்கொண்டிருந்தவர் மாமியார்தான். ஒவ்வொரு மூச்சுக்கும் அவன் விலா எலும்பு உள்ளே போவதைப் பார்த்தபடியே இருந்தார். அவன் மூச்சு சீராகி வீடு திரும்பும் வழியில் இரும்புக் கடை வாசலில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். மறுநாள் காலை மகனைக் கூப்பிட்டுத் தகரத்துக்குச் சட்டம் அடிக்க வைத்துத் தாழ்ப்பாள் மாட்டச் சொன்னார். உச்சி வேளையில் அவரே வந்து என்னை எழுப்பினார். "போய் நில்லு. யார் கேட்டாலும் மருமக குளிக்கிறான்னு நான் சொல்லிக்கிறேன்."

தஞ்சாவூர் ஜில்லா முழுக்க இலவசமாகக் கொட்டிக் கிடக்கிற பொருளில் என் பிள்ளைக்காக ஒரு கை அள்ள, நான் உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.