அம்மன் படத்தடியில் இருந்த கடிதம்

1982-ஆம் வருஷம், ஆடித்தபசுக்கு மறுநாள் காலை. என் மகளின் படிப்பை என் கையாலேயே கெடுத்துவிட்டேன் என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

கோமதி அம்மனை நம்பியிருக்கும் அன்பர்களே, நான் சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறவன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பொட்டலம் கட்டிவந்த தாளைப் பிரித்துப் படித்ததும், பட்டறையில் நாலு பேர் சொல்வதைக் கேட்டதும்தான் அதற்குப் பிறகு என் படிப்பு. தறிச் சத்தத்துக்கு நடுவிலேயே பேசிப் பழகியதால் ரகசியத்தைக்கூட உரக்கத்தான் சொல்ல வரும். என் தப்பையும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு ஒரே பிள்ளை. அம்மன் பெயரையே வைத்தோம், கோமதி. பி.ஏ. ஆங்கிலம் படித்து முடித்தாள். மெட்ராஸில் ஒரு பல்கலைக்கழகத்தில் புதிதாக ஒரு படிப்பு தொடங்கியிருந்தார்கள். ஆங்கில இலக்கியமும் படிக்கலாம். அதோடு சேர்த்து, நாடுகள் ஒன்றோடொன்று எப்படிப் பழகுகின்றன, எதற்குச் சண்டை போடுகின்றன, எப்படிச் சமாதானம் ஆகின்றன என்கிற பாடமும் படிக்கலாம். அதற்குச் சர்வதேச உறவுகள் என்று பெயர். "எப்பா, படிச்சா இதத்தான் படிப்பேன்" என்று விண்ணப்பம் போட்டாள்.

பட்டறையில் சொன்னேன். எங்கள் மேஸ்திரி வாயைத் திறந்தால் சுற்றி நிற்கிறவர்கள் சிரிக்காமல் இருக்க முடியாது. "என்னவே, உறவுக்கு ஒரு படிப்பா? எம் மச்சானும் நானும் பேசி ஆறு வருசம் ஆச்சு. ஒம் மவ படிச்சு முடிச்சதும் மொத பஞ்சாயத்து எங்க வீட்டுலதான், சொல்லிட்டேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் ஒரே பெருமை.

ஆடி பிறந்து கொடி ஏறியது. என் பிள்ளைக்கு அந்த இடம் கிடைக்க வேண்டும் என்று ஐந்நூற்றி ஒரு ஆடிச்சுற்று நேர்ந்துகொண்டேன். வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன். அரியும் சிவனும் ஒன்றாக வந்து காட்சி தர வேண்டும் என்று எங்கள் அம்மன் ஒற்றைக் காலில் தவம் நின்றவள். கொடியேற்றம் முதல், அந்தக் காட்சி கிடைக்கும் தபசு நாள் வரைக்கும் கோயிலைச் சுற்றி வருகிறவர்கள் அவளுடைய கால்வலியில் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறார்கள் என்பது எங்கள் நம்பிக்கை. வேலை போக மிச்ச நேரமெல்லாம் சுற்றினேன். பாதம் கொப்புளித்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது.

தபசுக்கு ஆறு நாள் இருக்கும்போது தபால்காரர் தெருமுனையில் என்னைப் பார்த்து ஓர் உறையைக் கொடுத்தார். எனக்கு ஆங்கிலம் ஓர் எழுத்துத் தெரியாது. ஆனால் விண்ணப்பத்தில் இருந்த அதே முத்திரை அதன் மேல் இருந்தது. இடம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். வேறு எதற்குக் கடிதம் போடப்போகிறார்கள்?

அங்கேதான் புத்தி பிசகியது. சுற்று முடியாமல் பலனைப் பார்க்கக் கூடாது என்று என் அப்பா சொல்வார். நேர்த்தி பாதியில் நிற்கும்போது உறையைப் பிரித்தால் அம்மனுக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆகும்? யாரிடமும் சொல்லாமல், வீட்டில் அம்மன் படத்தடியில், கோயிலில் பிரசாதமாகத் தரும் புற்றுமண் இருந்த டப்பாவுக்குக் கீழே வைத்துவிட்டேன். தினமும் மதியம் கோமதி வாசலில் நிற்பாள். "எப்பா, தபால் ஏதும் வந்துதா?" என்பாள். "வரும் மக்கா, எல்லாம் வரும்" என்று சொல்லிவிட்டு நான் கோயிலுக்குப் போவேன்.

தபசு அன்று காலை பத்து மணிவாக்கில் ஐந்நூற்றி ஒன்றாவது சுற்றை முடித்தேன். சாயங்காலம் காட்சி கண்டோம். மறுநாள் காலை அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டு, தேங்காய் உடைத்து, மஞ்சள் தடவிய உறையை என் மகள் கையில் கொடுத்தேன்.

பிரித்தாள். படித்தாள். அவள் முகம் வெளுத்துப்போனது.

"எப்பா, இது எப்ப வந்துச்சு?"

"ஏழு நாளாச்சு மக்கா."

"இது நேர்முகத் தேர்வுக்கு வரச் சொன்ன கடுதாசிப்பா. நேத்துக் காலைல பத்து மணிக்கு. மெட்ராஸ்ல."

வந்தவர்கள் தேங்காய்ச் சில்லைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். என் வீட்டுக்காரி செல்லம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "நாலெழுத்துப் படிச்ச பிள்ளைய வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு, கடுதாசியப் படத்துக்குப் படிக்கக் குடுத்தீகளாக்கும்!" என்றாள். கோமதி கத்தவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லப்பா" என்றாள். அவ்வளவுதான். அதற்கு அவள் என்னை அடித்திருக்கலாம்.

கோயிலுக்கு ஓடினேன். அம்மன் சந்நிதி முன்னால், மனபாரம் உள்ளவர்கள் உட்காரும் சக்கரக் குழியில் போய் உட்கார்ந்தேன். அழுதேன். "தாயே, ஒனக்குக் குடுத்த வாக்கக் காப்பாத்துதேன்னு எம் பிள்ளைக்குக் கேடு பண்ணிட்டேன். தப்பு என்னுது. தண்டனைய அவளுக்குக் குடுக்காத" என்றேன். அசரீரி எதுவும் கேட்கவில்லை. ஆனால் அழுகை நின்றபோது மனசில் ஒன்று தெளிவாக இருந்தது. இதை இங்கே சொன்னது போதும், அங்கே போய்ச் சொல்.

தந்தி ஆபீசுக்குப் போனேன். கொடியேற்றத்தில் தொடங்கி, நேர்த்தி, சுற்று, உறை, மஞ்சள் என்று நான் சொல்லச் சொல்ல, அங்கிருந்த குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அண்ணாச்சி, இது தந்தி. கதாகாலட்சேபம் இல்ல" என்றார். ஆனாலும் விஷயம் புரிந்ததும் அவரே யோசித்து ஆங்கிலத்தில் எழுதினார். தகப்பனாரின் நேர்த்திக்கடனால் கடிதம் தாமதமாகப் பிரிக்கப்பட்டது, மகள் இப்போது வரலாமா என்று கேட்டிருப்பதாகச் சொன்னார். பொய் ஒன்றும் சேர்க்கவில்லை. உடம்பு சரியில்லை என்று போடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அன்றும் மறுநாளும் எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் சாயங்காலம் பதில் வந்தது. திங்கட்கிழமை காலை வரச் சொல்லியிருந்தார்கள். புதுப் படிப்பு என்பதால் ஓரிடம் நிரம்பாமல் இருந்ததாம். அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

மெட்ராஸுக்கு நானும் கூடப் போனேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஒரு பேராசிரியை அம்மா இருந்தார்கள். நடந்ததை மகள் பிறகு சொன்னாள். "இலக்கியம் மட்டும் படித்தால் போதாதா? இரண்டும் எதற்கு?" என்று கேட்டார்களாம். தயார் செய்துவைத்திருந்த பதிலெல்லாம் மறந்துவிட, இவள் எங்கள் ஊர்க் கதையைச் சொல்லியிருக்கிறாள். சங்கன், பதுமன் என்று இரண்டு நாகர்கள். ஒருவன் சிவன்தான் பெரியவர் என்கிறான், மற்றவன் திருமால்தான் என்கிறான். சண்டை தீரவில்லை. எங்கள் அம்மன் தவம் நின்று, இரண்டு பேரையும் ஒரே உடம்பில் வரவழைத்துக் காட்டினாள்.

"சண்டை எப்படித் தீர்ந்தது என்று பார்ப்பது ஒரு பாடம். அதைத் தலைமுறை தலைமுறையாக மறக்காதபடிச் சொல்வது இன்னொரு பாடம். எங்கள் ஊரில் இரண்டும் ஒரே கோயிலில் இருக்கிறது. நான் ஏன் பிரித்துப் படிக்க வேண்டும்?" என்றிருக்கிறாள்.

கதவு திறந்தது. என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

"கடிதத்தை வைத்திருந்தது நீங்கள்தானா?"

"ஆமாம்மா."

"தேர்வு நாள் காலையில் பத்து மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"

"ஐந்நூத்தி ஒண்ணாவது சுத்தும்மா" என்றேன். வழக்கம்போல உரக்கச் சொல்லிவிட்டேன். பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அந்த அம்மா சிரித்துவிட்டு, "உங்கள் மகள் நாளைக்கே சேரலாம்" என்றார்கள்.

சேர்ந்தாள். இரண்டு பாடத்திலும் முதல் வகுப்பில் தேறினாள். இப்போது ஒரு கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். எங்கள் பக்கத்தில் முதலாவதாக இந்தப் படிப்புப் படித்தவள் தறிகாரன் மகள் என்று சொல்லும்போது என் குரல் இன்னும் ஏறுகிறது. ஏறட்டும். மேஸ்திரியும் விடவில்லை. அவள் லீவில் வந்தபோது மச்சானையே கூட்டிவந்து, "ஏட்டி கோமதி, இந்த நாட்டோட எனக்கொரு ஒப்பந்தம் போட்டுக் குடு" என்றார். அவள் போட்ட காபியை இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து குடித்துவிட்டுப் போனார்கள்.

நானும் மாறினேன். ஒவ்வொரு லீவிலும் அவளிடம் உட்கார்ந்து ஆங்கில எழுத்துக்களைக் கற்றுக்கொண்டேன். அம்மன்மேல் வைத்த நம்பிக்கை ஓர் அங்குலமும் குறையவில்லை. அவளுக்குப் பயப்படுவதை மட்டும் விட்டுவிட்டேன். ஆடிதோறும் சுற்றுகிறேன், எதுவும் கேட்பதில்லை. நன்றி சொல்லவே சுற்று போதவில்லை.

பாரம் சுமக்கும் அன்பர்களே, ஆடியில் எங்கள் ஊருக்கு வாருங்கள். அந்தக் குழியில் உட்கார்ந்து, உங்கள் தப்பையும் மறைக்காமல் அவளிடம் சொல்லுங்கள். கேட்பாள். என்னோடு சேர்ந்து சுற்றவும் சுற்றலாம். ஆனால் கடிதம் ஏதும் வந்திருந்தால், அதைப் பிரித்துப் படித்துவிட்டு வாருங்கள். ஒற்றைக் காலில் நின்றாலும் நம் தாய் அதுவரைக்கும் காத்திருப்பாள்.