வெளியே மைனஸ் நாற்பது

மாமனாரின் காரைச் சின்ன மாப்பிள்ளை பத்தே நிமிடத்தில் சரிசெய்துவிட்டாராம். இந்தச் செய்தி மீட்டரின் காதுக்கு நேர்வழியில் வரவில்லை. ஷோரூம் வாட்ச்மேன் உதிரிபாகக் கடைக்காரரிடம் சொல்லி, கடைக்காரர் டிங்கரிங்காரரிடம் சொல்லி, டிங்கரிங்காரர் நசுங்கிய கதவொன்றைத் தட்டிக்கொண்டே போகிற போக்கில் போட்டு உடைத்தது.

"கம்ப்யூட்டரைச் சொருகினாராம், என்ன கோளாறுன்னு அதுவே சொல்லிருச்சாம். உங்க மாமனார் கையெடுத்துக் கும்பிடாத குறையாம். உங்க சகலை பெரிய ஆளுதான் போங்க."

"ஆமாமா" என்றார் மீட்டர். பல்லில் கடித்திருந்த ஒயரின் தோலை உரிக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மீட்டர் என்பது ஒர்க்‌ஷாப் வைத்த பட்டப்பெயர். பத்தொன்பது வருடமாக வண்டி எலெக்ட்ரீஷியன். கழுத்தில் மல்டிமீட்டர் தொங்காமல் அவரைப் பார்த்தவர்கள் அவருடைய கல்யாணத்துக்கு வந்தவர்கள் மட்டும்தான். பல்பு எரிகிறதே என்று விட்டுவிட மாட்டார். எத்தனை வோல்ட்டில் எரிகிறது என்று பார்த்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

கல்யாணமான நாளிலிருந்து மாமனார் வீட்டில் கரண்ட் ஓடும் எதுவும் அவர் பொறுப்பு. காலிங் பெல் கம்மினால் போன் வரும். ஃபேன் முனகினால் போன் வரும். "மாப்ளே, ஒரு எட்டு வந்துட்டுப் போங்களேன்" என்று மாமனார் இழுக்கிற இழுப்புக்காகவே எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார். அலுத்துக்கொள்வது போலக் காட்டிக்கொள்வார். செருப்பு மட்டும் முதல் ரிங்கிலேயே காலில் ஏறிவிடும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் மைத்துனிக்குக் கல்யாணமானது. மாப்பிள்ளைக்குப் பெரிய ஷோரூமில் வேலை. மடிப்புக் கலையாத சட்டை, நகத்தில் அழுக்கில்லை. அதற்குப் பிறகு மாமனாரின் போன் குறைந்துகொண்டே வந்து, இப்போது பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் என்றாகிவிட்டது.

ஒருமுறை எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது சகலை சொன்னார்: "எங்க ஷோரூம்ல ஒரு பழக்கம் மாமா. எந்த இடத்து மேல சந்தேகமோ அங்க ஒயர் கட்டுற வெள்ளை பிளாஸ்டிக் டை ஒண்ணு கட்டிருவோம். அடுத்துப் பாக்குற ஆளு தேடி அலைய வேண்டாம் பாருங்க."

"அடடா, என்ன ஒரு ஒழுங்கு" என்று மாமனார் தலையாட்டினார்.

மீட்டருக்குத் தண்ணீர் புரையேறியது. ஒயருக்கு டேப் சுற்றினால் கடைசி நுனியைக் காது போல மடித்துவிடுவது அவர் வழக்கம். நாளைக்குப் பிரிக்கிறவன் நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்க வேண்டாமே என்றுதான். பத்தொன்பது வருடத்தில் அதை ஒழுங்கு என்று ஒருவரும் சொன்னதில்லை.

டிங்கரிங்காரர் சொன்னதை வீட்டில் கேட்டுப் பார்த்தார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா, ஏசி வேலை செய்யலைன்னு அப்பா தங்கச்சி வீட்டுக்காரர்கிட்ட குடுத்தாரு. அதுக்கென்ன இப்போ?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்குற மூஞ்சியா இது? எங்கப்பா வண்டிக்குப் போய் இப்படி ஏங்குறீங்க. என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பகூட இந்த ஏக்கத்தைக் காணோம்."

ஒரு வாரம் கழித்து அதே கார் ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றது. உள்ளேயிருந்து மாமனார், குளித்துவிட்டுத் துவட்டாமல் வந்தவர் போல வியர்வை சொட்ட இறங்கினார்.

"மாப்ளே, இங்க வந்து பாருங்க இந்தக் கூத்தை."

டேஷ்போர்டில் வெளி வெப்பநிலை மைனஸ் நாற்பது என்று காட்டியது. தெருவில் தார் இளகிக்கொண்டிருந்தது.

"வெளிய பனி கொட்டுதுன்னு வண்டி நினைக்குது மாமா. அதான் ஏசி கம்ப்ரசர் ஓடாம அடம்பிடிக்குது" என்றார் மீட்டர். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பெரும்பாடு பட்டார். "சின்னவரு பாத்தாரே?"

"பாத்தாரு. வெளிச்சூட்டை அளக்குற சென்சார மாத்தினாரு. ஒரு வாரம் ஜில்லுனு இருந்துச்சு, மறுபடி இதே கதை. நேத்து திரும்பப் போனேன். முன்னாடி கிரில்லைக் கழட்டி எட்டிப் பாத்தாரு. கொஞ்ச நேரம் உள்ள என்னமோ பண்ணிட்டு மூடிட்டாரு. 'இது அண்ணன் கைக்குத்தான் அடங்கும், அவருகிட்டயே விடுங்க'ன்னுட்டாரு."

மீட்டரின் நெஞ்சில் காற்றடித்த டயர் போல என்னவோ புடைத்தது.

"அஞ்சு மணிக்கு நானே போன் பண்றேன்" என்றார் மாமனார். "என்ன கோளாறு, எதனால வந்துச்சுன்னு எனக்குப் புரியுற மாதிரி சொல்லணும். ஆளாளுக்குக் கை வச்சா வண்டி உருப்படாது மாப்ளே. இனிமே யாரு ஒருத்தர்கிட்ட விடறதுன்னு இன்னிக்கு நான் முடிவு பண்ணிடறேன்."

அவர் ஆட்டோ பிடித்துப் போனதும் மீட்டர் கிரில்லைக் கழற்றினார். சகலை மாட்டிய புது சென்சாரைப் பிடுங்கி உள்ளங்கையில் பொத்திக்கொண்டு அளந்தார். கைச்சூடு ஏற ஏற ஓம்ஸ் ஒழுங்காக இறங்கியது. சென்சார் நல்ல சென்சார்.

"மாத்தத் தெரியுது, அளக்கத் தெரியல" என்றார் டிங்கரிங்காரருக்குக் கேட்கும்படி.

சாக்கெட்டில் ஒரு ஒயரில் ஐந்து வோல்ட் சரியாக வந்தது. இரண்டு ஒயருக்கும் நடுவே வைத்தால் பூஜ்யம். அப்படியானால் எர்த் ஒயர்தான் எங்கோ அறுந்திருக்கிறது; சென்சாரின் கணக்கு வந்து சேராததால்தான் வண்டி மைனஸ் நாற்பது என்கிறது. ஒயரை ஆட்டிப் பார்த்தார்; ஒரு நொடி ஐந்து வந்து போனது. சென்சார் மாற்றிய ஆட்டத்தில் அறுந்த முனைகள் தொட்டுக்கொண்டு ஒரு வாரம் ஓடியிருக்கின்றன. அவருக்கு விசிலடிக்க வேண்டும் போலிருந்தது. விரலால் ஒயரைத் தடவிக்கொண்டே பம்பருக்குள் போனார்.

ஹாரனைத் தாங்கும் பட்டைக்கு அடியில் விரல் நின்றது. பட்டை ஒயரை நசுக்கியிருந்தது. டார்ச் அடித்தார். பக்கத்தில் கறுப்பு டேப். அதன் நுனியில் மடித்துவிட்ட காது.

அந்தக் காதுக்கு ஒரு விரல் தள்ளி, வெள்ளை டை ஒன்று கட்டியிருந்தது.

இரண்டு மாதத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை கண்ணில் வந்து நின்றது. மாமனாரின் பிறந்தநாளுக்குப் போனவர், அவர் வீட்டு வாசலில் காருக்குப் புது ஹாரன் மாட்டிய நாள். சகலை சாப்பிட வருகிறார் என்று மாமியார் சொன்னதும், அந்த ஆள் பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பதற்குள் முடித்துவிட வேண்டுமென்று போல்ட்டை அவசரமாக முறுக்கினார். ஹாரன் அலறியது. பத்தொன்பது வருடத்தில் அன்று ஒருநாள்தான் அளக்காமல் எழுந்து கை கழுவப் போனார்.

வெட்டி, ஒட்டி, ஒயரை வேறு வழியாக இழுத்துவிட்டார். டேஷ்போர்டு முப்பத்தெட்டு என்றது. ஏசி குளிர்ந்தது. அவருக்குத்தான் உள்ளே எரிந்தது. பார்த்த அன்றே சரிசெய்து, பெயரையும் தட்டிக்கொண்டு போயிருக்கலாமே அந்த ஆள். போகவில்லையே. சத்தமில்லாமல் காப்பாற்றினானா, டை கட்டிக் குத்திக் காட்டினானா? எதுவாக இருந்தாலும் இதிலும் அவன்தான் ஒரு படி மேலே. சட்டையில் மடிப்புக் கலையாத பயல்.

டையை நறுக்கினார். குப்பையில் போடவும் மனம் வரவில்லை, பையில் போட்டுக்கொண்டார். ஒயர் பழசு மாமா என்றால் முடிந்தது, வண்டி இனி இங்கேதான் வரும். நான் நசுக்கினது மாமா என்றால் அது வேறு கதை. புது டேப் சுற்றினார். நுனியை மடிக்காமல் விட்டுவிடலாமென்று நினைப்பதற்குள் விரல்கள் காது மடித்துவிட்டிருந்தன.

பானெட்டின் மேல் போன் அதிர்ந்தது. மாமா.

மூன்று வருடமாகக் காத்திருந்த போன்.

"மீட்டரு, போன் அடிக்குது" என்றார் டிங்கரிங்காரர், சுத்தியலை நிறுத்தி.

"கேக்குது."

அது அதிர்ந்து அதிர்ந்து பானெட்டின் சரிவில் மெல்ல நகர்ந்தது. அது கீழே விழாமல் மீட்டர் ஒரு விரலால் அணைகட்டிப் பிடித்தபடி, அடுத்த ரிங்கையும் கேட்டுக்கொண்டு நின்றார்.