திருப்பிக் கொடுக்காத ஞாயிறுகள்

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் பின்கட்டிலிருந்த சலவைக்கூடத்தில் ஒன்பது பெண்கள் வேலை பார்த்தார்கள். அவர்களில் இஸ்திரி உருளையில் நின்றவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவள் ‘ஞாயிறு’. காலையில் அவள் தலை தெரிந்ததும், “ஞாயிறு வந்தாச்சு, இனிமே விடிஞ்சிரும்” என்று யாராவது சொல்வார்கள். அவளும் சிரித்து வைப்பாள். கேலிக்குள் ஒரு முள் இருப்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

நோயாளிக்கு ஞாயிறு ஏது, திங்கள் ஏது? படுக்கை விரிப்பு அன்றைக்கும் அழுக்காகத்தான் செய்யும். அதனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் இரண்டு பேர் வேலைக்கு வரவேண்டும். வந்தவர்களுக்கு இரட்டைச் சம்பளம்; பண்டிகை விடுமுறைகளுக்கும் அப்படித்தான். ஒன்பது பேரும் முறை வைத்து வந்துகொண்டிருந்தார்கள். ஏழு வருடங்களுக்கு முன் அவளுடைய கணவர், வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர், சாரத்திலிருந்து விழுந்து கால் உடைந்து படுத்துவிட்டார். அப்போது சோப்புத் தொட்டியில் நிற்கும் மூத்தவள்தான் எல்லோரையும் கூட்டிவைத்துப் பேசினாள்.

“உன் வீட்டுக்காரர் எந்திரிச்சு நடக்கிற வரைக்கும் ஞாயித்துக்கிழமையில ஒரு இடம் உனக்கு. மிச்சம் இருக்கிற ஒரு இடத்தை நாங்க எட்டுப் பேரும் பாத்துக்கிறோம். போ, அழாதே.”

பத்தாம் மாதம் கணவர் எழுந்து நடந்தார். அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அடுத்த வாரம் வீட்டு வாடகை ஏறியது. அதற்கடுத்து மகளுக்குப் பள்ளிக்கூடச் செலவு. பிறகு மகள் கணக்கில் கெட்டிக்காரி என்று தெரிந்து தனி வகுப்பில் சேர்த்தாள். இப்படியே வருடங்கள் ஓடின. யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது எப்படி என்று அவர்களுக்குக் கூச்சம். கேட்காததை இவள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

ஒரு வியாழக்கிழமை, கைகழுவும் குழாய்க்கு மேலே ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. அடுத்த மாதத்திலிருந்து ஞாயிறும் விடுமுறை நாட்களும் மற்ற நாட்களைப் போலத்தான்; கூடுதல் சம்பளம் கிடையாது. சனிக்கிழமைக்குள் எல்லோரும் சம்மதக் கையெழுத்துப் போடவேண்டும்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் படபடத்தாள். “யாரும் கையெழுத்துப் போடாதீங்க. ஒம்பது பேரும் ஒண்ணா நின்னா அவங்களால ஒண்ணும் செய்யமுடியாது.”

யாரும் தலை நிமிரவில்லை. சோப்புத் தொட்டிக்காரிதான் பாத்திரத்தை மூடிக்கொண்டே சொன்னாள். “எங்களுக்கு என்னம்மா போச்சு? ரெண்டு மாசத்துக்கு ஒருவாட்டி வர்றது வந்தா என்ன, வராட்டி என்ன? போறது உனக்குத்தானே.”



வேலை முடிந்து கிளம்பும்போது சூப்பர்வைசர் தனியாகக் கூப்பிட்டார். “நீ முதல்ல கையெழுத்துப் போடும்மா. நீயே போட்டா மத்தவங்களும் போட்டுருவாங்க. உனக்கு மட்டும் அந்த ஞாயித்துக்கிழமைப் பணம் வேற பேர்ல வர்ற மாதிரி நான் பாத்துக்கிறேன். வெளியில மூச்சு விடாதே.”

வீட்டில் கணவரிடம் சொன்னாள். “பழையபடி நடக்கும்னா போட்டுட்டுப் போயேன்” என்றார் அவர். “ஊரு நியாயம் நமக்கெதுக்கு?”

“நீங்க படுத்துக்கிடந்தப்ப அவங்களும் அப்படி நினைச்சிருந்தா?”



வெள்ளிக்கிழமை காலை, வேலைக்குப் போகும் முன் சோப்புத் தொட்டிக்காரியின் வீட்டுக்குப் போனாள். ஒற்றை அறை. கட்டிலில் கிடந்த வயதான அம்மாவுக்கு அவள் தலை வாரிக்கொண்டிருந்தாள். ‘உள்ளே வா’ என்று சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே இவள் சூப்பர்வைசர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். பிறகு, “அக்கா, அவர் எந்திரிச்சு நடந்ததுமே நான் உங்க முறையைத் திருப்பித் தந்திருக்கணும். தரலை. தெரிஞ்சேதான் தரலை” என்றாள்.

சீப்பு நின்றது. “ஏழு வருஷம் கழிச்சுச் சொல்ற. அம்மாவுக்கு மருந்து வாங்க வழியில்லாம நான் எத்தனை பேர்கிட்ட கைநீட்டியிருக்கேன் தெரியுமா?”

“தெரியாதுக்கா.”

“பக்கத்துலதானே நின்ன? கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்.”

இவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அம்மாவின் கூந்தலை முடிந்துவிட்டு, “உன்னை நான் மன்னிக்கல” என்றாள் மூத்தவள். “ஆனா ஒருத்தியை விலைக்கு வாங்கி எட்டுப் பேரை ஏமாத்தப் பாக்கிறானே, அவனை விடக்கூடாது. நட.”

மூத்தவள் அன்றைக்கே மற்ற ஏழு பேரிடமும் பேசினாள். சனிக்கிழமை ஒன்பது பேரும் வந்தார்கள். யாரும் கையெழுத்துப் போடவில்லை, மெஷினையும் தொடவில்லை. பத்து மணிக்கெல்லாம் அழுக்குத் துணி வண்டிகள் நடைபாதை வரை நின்றன. வார்டுகளிலிருந்து போன் மேல் போன். சூப்பர்வைசர் கெஞ்சிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார். சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களில் இவள் மட்டும் வண்டிகளை எண்ணிக்கொண்டே இருந்தாள். வேலை போய்விட்டால்? நோயாளிகள் வெறும் மெத்தையில் கிடப்பார்களே? மதியம் மேனேஜரே இறங்கி வந்தார். சோப்புத் தொட்டிக்காரி பேசினாள். இவள் எழுந்து நின்று, தனக்குத் தருவதாகச் சொன்னதை எல்லோர் முன்னாலும் சொன்னாள். சூப்பர்வைசர் தரையைப் பார்த்தார்.

முழு வெற்றி என்று சொல்லமுடியாது. விடுமுறை நாட்களுக்கு இரட்டைச் சம்பளம் நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றரைப் பங்காகக் குறைந்தது. முறை வைத்து எழுதிய பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். இவளுக்கு இனி மாதம் ஒரு ஞாயிறு கிடைத்தால் பெரிது.

மகளின் கணக்கு வகுப்பை நிறுத்தவேண்டியதாயிற்று. சொன்னபோது மகள் கத்தவில்லை. “எல்லாருக்காகவும் பேசினியேம்மா, எனக்காகப் பேசலையே” என்றாள். மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை. எது நியாயமோ அதைத்தான் செய்தோம் என்று இவளால் நெஞ்சை நிமிர்த்தவும் முடியவில்லை. செய்யாமல் இருந்திருக்கலாம் என்று நினைக்கவும் முடியவில்லை.

வீட்டிலிருந்த முதல் ஞாயிறு அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. துடைத்த அடுப்பையே இரண்டாம் தரம் துடைத்தாள். மகள் ஜன்னலோரம் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, முகத்தைத் திருப்பாமலே புத்தகத்தை இவள் பக்கம் தள்ளினாள்.

“சும்மாதானே இருக்க? கேள்வியை வாசி, நான் பதில் சொல்றேன்.”

ஆறாம் வகுப்போடு நின்றவள் அவள். எழுத்துக்கூட்டி வாசித்தாள். முதல் வரியிலேயே மகள் வெடுக்கென்று, “அப்படி இல்லம்மா, சரியா வாசி” என்றாள். அவள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.