தொண்ணூற்று மூன்று மரியாதைகள்

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்து பேர் என் வீட்டுக்கு வந்து, முப்பத்தெட்டு நிமிடம் உட்கார்ந்து, தொண்ணூற்று மூன்று முறை 'ங்க' போட்டுப் பேசிவிட்டு, என் குடும்பத்தின் கழுத்தை அறுத்துவிட்டுப் போனார்கள். எண்ணிக்கையில் சந்தேகம் வேண்டாம். பதற்றம் வந்தால் எண்ணுவது என் பழக்கம்.

கோயமுத்தூர்க்காரன் மரியாதை தெரிந்தவன் என்று வெளியூரில் ஒரு பெயர் இருக்கிறது. நானும் அதை நம்பித்தான் அறுபத்தேழு வயது வரை காலம் தள்ளினேன். இப்போது நம்பவில்லை. 'ங்க' மட்டும் மிச்சமிருக்கிறது. உள்ளே இருந்த பருப்பைப் பூச்சி தின்றுவிட்டது. பஸ்ஸில் நான் பேப்பர் பிரித்தால் பக்கத்துச் சீட்டுக்காரன், "ஏனுங்ணா, நடுப்பக்கத்தைக் குடுங்க" என்று கேட்டுக்கொண்டே உருவிக்கொள்கிறான். கேட்பதும் உருவுவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ராத்திரிச் சாப்பாட்டு வேளையில் போன் செய்து, "யாருங்க பேசறது?" என்று என்னிடமே கேட்கிறார்கள். போன் செய்தவன் அல்லவா முதலில் தன் பெயரைச் சொல்ல வேண்டும்? ஒரு மாதம் கணக்கு வைத்தேன். வந்த அழைப்புகள் நாற்பத்தொன்று. தானாகப் பெயர் சொன்னவர்கள் ஆறு பேர்.

டிவிச் செய்தியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கிணற்றில் விழுந்து செத்த பையனின் தாய் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாள். அவள் வாய்க்கு நேராக மைக்கை நீட்டி, "சொல்லுங்கம்மா, இப்ப எப்படி இருக்குது உங்களுக்கு?" என்று ஒருவன் கேட்கிறான். அவனும் 'ங்க' போட்டுத்தான் கேட்கிறான். அன்றைக்கு எழுந்துபோய் டிவியை அணைத்தவன், செய்தி நேரத்தில் அதை மறுபடி போட்டதில்லை. ஒரே ஒரு காரணத்துக்காக இப்போது போடுகிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எனக்கு இந்த விஷயத்தில் பேச உரிமை உண்டு. முப்பத்து மூன்று வருஷம் ரயில் நிலையத்துத் தபால் பிரிப்பில் வேலை பார்த்தவன். ஒரு ஷிஃப்டுக்கு ஆயிரத்து எழுநூறு, ஆயிரத்து எண்ணூறு கடிதம் என் கை வழியாகப் போகும். அதில் பாதி கார்டு. கார்டுக்கு உறை கிடையாது, ஒட்டு கிடையாது, யாரும் படிக்கலாம். ஆனால் படிக்கக்கூடாது. முகவரிப் பக்கத்தை மேலே வைத்து அடுக்குவோம். கை தவறித் திரும்பினால் கண்ணைத் திருப்பிக்கொள்வோம். சட்டம் இருந்தது, வாஸ்தவம். ஆனால் யாரும் அந்தச் சட்டத்தை எடுத்துப் படித்ததில்லை. அடுத்தவன் வீட்டுக் கதவு திறந்திருந்தால் தலையைக் குனிந்துகொண்டு போகிறோமே, அது போலத்தான். முப்பத்து மூன்று வருஷத்தில் நான் படித்தது ஒரே ஒரு கார்டு. ஒரு தாய் மகனுக்கு எழுதியது. அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. இங்கேயும் சொல்லப்போவதில்லை.

எங்களுக்கு ஒரே மகள். கல்யாணம் முடிந்து கணவனோடு அமெரிக்கா போனாள். போகும் முன் என்னைத் தெருமுனையில் இருந்த பிரவுசிங் சென்டருக்கு அழைத்துப் போய் ஒரு இமெயில் கணக்குத் தொடங்கிக் கொடுத்தாள். "அப்பா, இதுக்கு ஒரு பாஸ்வேர்டு வேணும். உங்களுக்கு மறக்கவே கூடாது, அடுத்தவங்களுக்குத் தெரியவும் கூடாது. அப்படி ஒரு வார்த்தை வைங்க" என்றாள். அரை நிமிடம் யோசித்தேன். எங்கள் குலதெய்வத்தின் பெயரை வைத்தேன். எனக்கு மறக்கவே மறக்காத பெயர் அது ஒன்றுதான்.

இதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை நான் செய்ததில்லை. அன்னூர்ப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கோயிலுக்குப் பொங்கல் வைக்க வரும் பங்காளிக் குடும்பங்கள் முன்னூற்றுப் பன்னிரண்டு. எங்கள் பக்கத்தில் புது ஆளைப் பார்த்தால் கேட்கிற முதல் கேள்வி ஊர்; இரண்டாவது கேள்வி, "எந்தக் கோயிலுங்க?" கேட்டவுடன் சொல்லியும் விடுவோம். ஆக, என் வீட்டுச் சாவியை முன்னூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டுக் கதவைப் பூட்டியிருக்கிறேன். அதில் ஒரு குடும்பம், அந்த பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவனுடையது.

அவனுக்கு நாற்பது வயதிருக்கும். முன்பு அதே இடத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தான், பிறகு பிளைவுட் அடித்து நான்கு கம்ப்யூட்டர் போட்டான். பங்காளி முறையில் நான் அவனுக்குப் பெரியப்பா. செவ்வாயும் சனியும் போவேன். மகளின் கடிதம் திரையில் வந்து விழ நூறு வரை எண்ண வேண்டியிருக்கும். தமிழையே ஆங்கில எழுத்தில் எழுதுவாள். அதுவும் தப்பாகப் போயிற்று. ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் சிலருக்காவது புரியாமல் இருந்திருக்கும்.

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. நான் படியேறும்போதே அவன் நான்காக மடித்த ஒரு தாளை நீட்டினான்.

"ஏனுங்க பெரியப்பா, இந்த வெயில்ல நீங்க வந்து காத்துக் கெடக்கோணுமான்னு நானே தெறந்து பிரிண்ட் போட்டு வெச்சுட்டேனுங்க."

"எப்படித் தெறந்தே?"

"நம்ம சாமி பேருதானுங்களே! எனக்கும் அதுதானுங்க பாஸ்வேர்டு. போட்டேன், தெறந்துக்கிச்சு."

"படிச்சியா?"

"மேலாப்புல பாத்தேனுங்க. பிரிண்ட் சரியா வந்துதான்னு."

அவன் முகத்தைப் பார்த்தேன். துக்க வீட்டு வாசலில் நிற்கிறவன் முகம் அது. தாளைப் பிரித்தேன். நானும் அவரும் நாலு மாசமாகத் தனித்தனி வீட்டில் இருக்கிறோம் அப்பா, இனிச் சேர மாட்டோம் என்று மகள் எழுதியிருந்தாள். ஜூன் மாதம் வருகிறேன், அம்மாவிடம் நானே பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன், அதுவரைக்கும் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், அவர் வீட்டுக்கும் இன்னும் தெரியாது என்றும் எழுதியிருந்தாள். கடைசி வரி: "உங்களை நம்பித்தான் சொல்கிறேன்."

"கண்ணு, இது வெளியே போகக்கூடாது. உங்க பெரியம்மாவுக்கே தெரியாது" என்றேன்.

"அட, நானு யாருகிட்டப் போயிச் சொல்லப்போறேனுங்க. நம்மூட்டுப் புள்ளைங்க அது."

அந்த 'நம்மூட்டுப் புள்ளை'யில்தான் விஷம் இருந்தது. எனக்கு அப்போது உறைக்கவில்லை. தாளைப் பதினாறாகக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டேன். மகள் வர எண்பத்தேழு நாள். பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்று தோன்றியது. எப்படி மாற்றுவது என்று கேட்க எனக்குத் தெரிந்த ஒரே ஆள் அவன்தான்.

எட்டு நாள் ஓட்டினேன். என் மனைவி, "புள்ள லெட்டர் போட்டுச்சுங்களா?" என்று மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் "நல்லா இருக்கறாளாம்" என்றேன். முப்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவளிடம் சொன்ன பொய்களை எண்ண ஒரு கை விரல் போதும். அந்த எட்டு நாளில் மூன்று சேர்ந்தது.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பத்தேகால் மணிக்கு வாசலில் ஒரு மாருதி வேன் நின்றது. எழுபத்தைந்து வயதுப் பங்காளிப் பெரியவர் ஒருவர், கோயில் கமிட்டிக்காரர், வேனுக்குச் சொந்தக்காரர், கூட வந்த ஒருவர், கடைசியாக ஒரு சீப்புப் பழத்தோடு பிரவுசிங் சென்டர்க்காரன். பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. மனைவிக்குப் புரியவில்லை. கோயில் பொங்கல் விஷயமாக வந்திருக்கிறார்கள் என்று நினைத்துச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். "ஒறம்பரை வந்திருக்கறாங்க, நீங்க பேசாம நின்னா எப்படிங்க?" என்று என்னைக் கடிந்துவிட்டுக் காப்பி போட உள்ளே போனாள்.

எங்கள் ஆட்கள் வந்த காரியத்தை உடனே பேச மாட்டார்கள். அது மரியாதை இல்லையாம். பதினோரு நிமிடம் மழையைப் பற்றிப் பேசினார்கள். பொள்ளாச்சிப் பக்கம் தென்னைக்கு வந்திருக்கும் புது நோயைப் பற்றிப் பேசினார்கள். பெரியவர் ஒரு தமாஷும் சொன்னார்.

"அமெரிக்காவுல இருந்து சேதி ஒரு நிமிசத்துல வந்துருதாமுங்க தம்பி. என்ற தோட்டத்துக்குப் போன் கேட்டு ஆறு வருசமாச்சு, இன்னும் கம்பத்தைக் காணோம். பேசாம அமெரிக்காவுக்கே குடி போயிரலாமாட்ட இருக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சமையலறைப் பக்கமே காது வைத்திருந்தேன். டம்ளர் சத்தம் கேட்பதற்குள் இவர்களை வெளியே அழைத்துப் போய்விட வேண்டும். "வாங்க, காத்தாட வெளியே நின்னு பேசலாம்" என்று எழுந்தேன். "அட உக்காருங்க தம்பி, இதுக்கெல்லாம் மனசு ஒடஞ்சு போயிரக்கூடாதுங்க" என்று என் கையைப் பிடித்து உட்கார வைத்தார் பெரியவர். ஆறு டம்ளர் தட்டோடு என் மனைவி கூடத்துக்குள் வந்ததும் அப்போதுதான்.

"நம்ம புள்ளைக்கு இப்படி ஆயிப்போச்சுன்னு கேட்டதுல இருந்து சோறு எறங்கலீங்க" என்றார் அவர். "புருசன் பொஞ்சாதி தனித்தனி ஊட்டுல இருக்கறதெல்லாம் ஒரு காரியமுங்களா? பையனோட ஊடு கோபிச்செட்டிபாளையத்துப் பக்கந்தானுங்களே. சொன்னீங்கன்னா இப்பவே வண்டியத் திருப்பறோம். ரெண்டு பக்கமும் பெரியவங்க உக்காந்து பேசுனா தீராத வழக்கு ஏதுங்க?"

 தட்டில் இருந்த காப்பி ஒரு சொட்டும் சிந்தவில்லை. என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் இரண்டு வரை எண்ணினேன்.

"தெரியுமுங்க மாமா" என்றாள் பெரியவரிடம். "புள்ள மொதல்ல எங்கிட்டத்தானுங்க சொன்னா. நாந்தான் யாருகிட்டயும் மூச்சு உட வேண்டாமுன்னு இவங்களுக்குச் சொல்லி வெச்சேன். கோபிக்கெல்லாம் போகவேண்டாமுங்க. அவ வரட்டும், அவ வாயில வரட்டும். காப்பி ஆறுது, எடுத்துக்குங்க."

ஒவ்வொருவர் முன்னாலும் தட்டை நீட்டினாள். பிரவுசிங் சென்டர்க்காரன் எடுக்கத் தயங்கினான். "எடுத்துக்க கண்ணு. நீதானே சிரமப்பட்டுக் கூட்டிக்கிட்டு வந்திருக்கறே" என்றாள். அவன் தலை குனிந்தபடி குடித்தான். ஐந்து பேரும் ஐந்து முறை "வாரோமுங்க" சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அந்த ஐந்தையும் சேர்த்துத்தான் தொண்ணூற்று மூன்று.

கோபிக்கு அவர்கள் போகவில்லை. அவள் சொன்ன பொய்தான் தடுத்தது. 

அவள் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள்.

"எல்லாத்தையும் எண்ணுவீங்களே. இதையும் எண்ணிச் சொல்லுங்க. இந்தச் சேதி தெரிஞ்சதுல பெத்தவ நானு எத்தனாவது ஆளுங்க?"

நான் எண்ணினேன். முதலில் படித்தவன் அவன். இரண்டாவதுதான் நான். வீட்டில் சொல்லாமல் இருந்திருக்க மாட்டான்; அவன் மனைவி மூன்று. வேனில் வந்த மற்ற நாலு பேர்.

"எட்டாவது" என்றேன்.

"எட்டாவது" என்று திருப்பிச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அழுதிருந்தால் தேவலை.

மறுநாள் காலை கடை திறந்ததும் அவனிடம் போனேன். என் வாழ்நாளில் இன்னொருவன் கடை வாசலில் நின்று கத்தியது அன்றுதான்.

"ஏனுங்க பெரியப்பா கோவிச்சுக்கறீங்க? நல்லதுக்குத்தானுங்களே செஞ்சுபோட்டேன்."

"உன்ற ஊட்டுச் சாவி என் கையில கெடைச்சா, நான் உள்ளே பூந்து உன்ற பீரோவைத் தெறந்து பாக்கலாமா?"

"நீங்க பாக்கலாமுங்க" என்றான். "பெரியப்பாதானுங்களே!"

கேலி இல்லை. மனதார அப்படித்தான் நினைக்கிறான். இந்த மாதிரி ஆளோடு என்ன சண்டை போடுவது? திருடனுக்காவது தான் திருடன் என்று தெரியும். என் கடிதத்தைப் பிரித்தவனுக்கு அது என் கடிதம் என்றே தோன்றவில்லை. உலகத்தையே ஒரே வீடாக்கப் போகிறோம் என்று அந்தக் கம்ப்யூட்டர்காரர்கள் பேப்பரில் பெருமையாகச் சொல்கிறார்கள். ஒரே வீடு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். முன்னூற்றுப் பன்னிரண்டு குடும்பத்திலேயே இந்தப் பாடு. உலகம் பூராவும் பங்காளியாகிவிட்டால், ஒரு பெண் தன் அப்பனுக்கு ஒரு வரி எழுத எங்கே போவாள்?

மகளுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.  பதினொன்று வரை எண்ணினேன். "சரிங்கப்பா" என்றாள். அங்கிருந்தே பாஸ்வேர்டை மாற்றிவிட்டாள். புதியது என்ன என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஜூனில் வந்தாள், இருபத்தாறு நாள் இருந்தாள். அம்மாவும் மகளும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். புறப்படும்போது, "நீங்க சொல்லலைன்னு தெரியுமுங்கப்பா" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

இப்போது கடிதம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போன் வரும். அம்மாவுக்கு. பதினைந்து அடி ஒயர் வாங்கிப் போட்டிருக்கிறோம். போனைத் தூக்கிக்கொண்டு அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ஒயர் கதவுக்கடியில் கிடக்கும். எங்கள் கதவு மெல்லிசு. கூடத்தில் உட்கார்ந்தாலே பாதி காதில் விழும். விழக்கூடாது. அதனால் எழுந்துபோய் டிவியைப் போட்டுச் செய்தியைச் சத்தமாக வைக்கிறேன். எவனோ ஒருவன் எவளோ ஒருத்தியின் வாய்க்கு நேராக மைக்கை நீட்டிக்கொண்டிருப்பான். அவனைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன், கதவு திறக்கும் வரைக்கும்.